யார் கையில் கொடுப்பது?

1952 அக்டோபரில் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு நாடு இன்னொரு நாட்டின் சில கிராமங்களில் இறங்கி வளர்ச்சிப் பணி செய்வது அன்றைக்குப் புதிய ஏற்பாடு. கொடுக்க வந்த நார்வேயே போரில் நொறுங்கி, அமெரிக்காவின் மார்ஷல் திட்டப் பணத்தைக் கொண்டு எழுந்துகொண்டிருந்த நாடுதான். அங்கே ஆண்ட தொழிற்கட்சிக்கு உள்நாட்டுக் காரணம் ஒன்றும் இருந்தது. 1949இல் நேட்டோவில் சேர்ந்ததால் முகம்சுளித்த சொந்தக் கட்சி இடதுசாரிகளுக்கு, வெளியுறவுக் கொள்கையில் ராணுவம் சாராத பக்கமும் உண்டு என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணம் வந்து சேர்ந்த இடம் கொல்லத்தை அடுத்து, அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை என்னும் மீனவ ஊர்கள்.

தென்னிந்தியக் கடற்கரைக்கு அதன்பின் எழுபது ஆண்டுகளாக வெளிநாட்டு உதவி வந்துகொண்டே இருந்திருக்கிறது. பெல்ஜியத்திலிருந்து வந்தது, பிரிட்டனிலிருந்து வந்தது, 2004 பேரலைக்குப் பின் உலகமே அனுப்பியது. இந்த உதவிகளின் அளவைப் பற்றியும் நோக்கத்தைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பணம் எந்தக் கைவழியாக இறங்கியது, அந்தக் கை பணம் வருவதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்விக்கு அவ்வளவு கவனம் கிடைத்ததில்லை. விளைவுகளைப் பெரும்பாலும் அதுவே தீர்மானித்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

நீண்டகரைத் திட்டத்தின் எழுத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. மீனவரின் உழைப்புக்குக் கூடுதல் வருவாய், பச்சைமீன் கெடாமல் உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போய்ச்சேர வழி, மக்களின் உடல்நலமும் சுகாதாரமும், பொதுவான வாழ்க்கைத்தர உயர்வு ஆகியவையே அறிவிக்கப்பட்ட நோக்கங்கள். குழாய்த் தண்ணீர் வந்தது. மருத்துவ நிலையம் வந்தது. ஐஸ் ஆலை வந்தது. 1950களின் ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு இவை சிறிய காரியங்கள் அல்ல. திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தவர்களும் இதை மறுத்ததில்லை.

கதை திசைமாறியது மீன்பிடிப்பில்தான். முதலில் உள்ளூர் வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு எஞ்சினுக்கென்றே புதிய சிறு விசைப்படகுகளை வடிவமைத்து, மானியத்தோடும் கடனோடும் கொடுத்தார்கள். அதே சமயத்தில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியிருந்தது. பிறகு ஜப்பானும் வாங்க வந்தது. அதுவரை உள்ளூரில் பெரிய மதிப்பில்லாதிருந்த இறால் தங்கமானது. அதை வாரியெடுக்க இழுவைமடி வேண்டும். இழுவைமடியை இழுக்க விசைப்படகு வேண்டும். உள்நாட்டுச் சந்தைக்குப் பச்சைமீன் என்று தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளிலேயே ஏற்றுமதி இறாலுக்கு அடித்தளம் அமைத்த திட்டமாகிவிட்டது. யாரும் சதி செய்யவில்லை. எந்தக் கரைக்குப் பணம் போகிறதோ அந்தக் கரையில் ஏற்கெனவே பலமாக இருப்பவர் யார் என்று எவரும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பலமாக இருந்தவர் வியாபாரி. மீனவக் கூட்டுறவுச் சங்கங்கள் அரசுப் பதிவேட்டில் இருந்தன. அவற்றில் பலவற்றை உண்மையில் இயக்கியவர்கள் இடைத்தரகர்களும் அவர்களது ஆட்களுமே. நார்வேக்காரர்களின் பங்காளியாக இருந்தது அரசின் மீன்வளத் துறை. துறைக்குக் கீழே, ஊருக்குள், மீனவர் தம் கையால் கட்டி நடத்திய அமைப்பு எதுவும் இருக்கவில்லை. இறாலில் லாபம் தெரிந்ததும் கடலில் கால் வைத்தறியாத முதலீட்டாளர்கள் படகு வாங்கத் தொடங்கினார்கள். நார்வே மானிடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளவுசன் இந்த ஊர்களில் ஆய்வு செய்து 1968இல் எழுதிய நூலில், லத்தீன் கத்தோலிக்கர் வாழ்ந்த சக்திகுளங்கரையையும் அரயர்கள் வாழ்ந்த புத்தன்துறையையும் ஒப்பிட்டார். ஒரே திட்டம் இரண்டு சமூகங்களிலும் ஒரே மாதிரி வேர்பிடிக்கவில்லை. திட்டம் தீட்டியவர்கள் கடலின் ஆழத்தை அளந்தார்கள். ஊரின் உள்கட்டு அவர்களது வரைபடத்தில் இல்லை. 1980களில் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஜான் குரியன் இதே திட்டத்தை மறுபடி ஆராய்ந்தபோது, தொழில்நுட்பத்தோடு சேர்ந்து யாருக்கு அதிகாரம் கைமாறியது என்பதைத் தெளிவாகக் காட்டினார்.

பெண்கள் விஷயத்தில் கணக்கு இன்னும் சிக்கலானது. இயந்திரத்தில் பின்னிய நைலான் வலை வந்ததும் கையால் வலை முடைந்த பெண்களின் வேலை போயிற்று. இறால் உரிக்கும் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கானோருக்குக் கூலிவேலை கிடைத்தது. சிலர் இறால் வியாபாரிகளாகவும் ஆனார்கள். லீலா குலாத்தி இதைப் பெண்களின் பக்கம் நின்று பதிவு செய்திருக்கிறார். ஆகவே நீண்டகரையை வெறும் தோல்வி என்று தள்ளிவிட முடியாது. அந்த ஊர்களில் பலர் வளமடைந்தார்கள். விலை கொடுத்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள்.

அது எப்படி என்றால், விசைப்படகுக்குத் துறைமுகம் வேண்டும். நீண்டகரைக்கு இயற்கையான முகத்துவாரம் இருந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரம் அலை நேராக மணலில் மோதும். அங்கே கட்டுமரமும் சிறு வள்ளமும்தான் அலையைத் தாண்டிப் போய்த் திரும்ப முடியும். துறைமுகத்தை நம்பிய படகுக்குக் கொடுத்த மானியம், துறைமுகம் இல்லாத ஊர்களைத் தானாகவே விலக்கிவிட்டது. விலக்கப்பட்டவர்கள் பிடிக்கும் அதே நீரில், அவர்கள் வலையைக் கிழித்துக்கொண்டு இழுவைமடிகள் ஓடின. கேரளத்தின் கடல்மீன் பிடிப்பு 1973இல் ஏறத்தாழ 4.5 லட்சம் டன். 1980இல் அது 2.8 லட்சம் டன். மத்தியும் அயிலையும் இயல்பாகவே ஏறியிறங்கும் மீன்கள் என்பதால் முழுப் பழியையும் இழுவைமடிமீது போட முடியாது. ஆனால் கட்டுமரக்காரன் தன் கண்ணால் கண்டது இழுவைமடியைத்தான். கரையெங்கும் போராட்டம் வெடித்தது. 1980இல் கேரளம் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 1988இல் மழைக்கால இழுவைமடித் தடை தொடங்கியது. திட்டத்தை நார்வே 1972இலேயே முடித்துக்கொண்டு போய்விட்டது. அதன் கொச்சி நிறுவனத்தை இந்திய அரசு ஏற்று, பெயரை மாற்றி, இன்றும் நடத்துகிறது.

விலக்கப்பட்ட கரையில் நடந்த வேலை வேறு வகை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, ஆளில்லாத கடற்கரையொன்றில் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவின் முயற்சியால் 1960களில் மரியநாடு என்ற மீனவக் குடியிருப்பு உருவானது. அங்கே தங்கி வேலை செய்த சிறு குழு மீனவர்களிடம் பேசிப் பேசிக் கண்டுகொண்டது ஒன்று. மீனவனைக் கட்டிப்போட்டிருந்தது படகின் பழமையைவிட, மீன் கரைக்கு வந்ததும் நடக்கும் முதல் விற்பனைதான். அந்த முடிச்சை விளக்கியாக வேண்டும். மீனவனுக்கு வலை வாங்கப் பணம் தேவை. வங்கி கொடுக்காது. வியாபாரி முன்பணம் கொடுப்பான். வட்டி கேட்க மாட்டான். பதிலுக்கு, கடன் தீரும்வரை பிடிக்கும் மீனையெல்லாம் அவனிடமே, அவன் சொல்லும் விலைக்கு, அவன் எடுத்துக்கொள்ளும் கழிவோடு விற்க வேண்டும். கடன் தீருவது வியாபாரிக்கே பிடிக்காத காரியம். தீரப்போகிறது என்றால் இன்னொரு முன்பணம் தானாக வந்து நிற்கும்.

1970களின் முற்பகுதியில் மரியநாட்டு மீனவர்கள் தங்கள் சங்கத்தின் பெயரில் கரையிலேயே ஏலம் விடத் தொடங்கினார்கள். யார் அதிக விலை கேட்கிறாரோ அவருக்கு மீன். விற்ற தொகையிலிருந்து ஒரு சிறு பங்கு சேமிப்புக்கு, ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சங்கச் செலவுக்கு. மீன் கிடைத்த நாளில் கடன் அடையும். கிடைக்காத நாளில் யாரும் கேட்க மாட்டார்கள். வங்கிகளின் மாதத் தவணை முறைக்கும் கடலுக்கும் ஒத்துவராது என்பதை வேறெந்த அறிக்கையையும்விட இந்த ஏற்பாடு நன்றாக உணர்ந்திருந்தது. வியாபாரிகள் மீன் வாங்க மறுத்தார்கள், மிரட்டினார்கள், சங்கம் நிலைத்தது. பின்னாளில் நீண்டகரையைப் பற்றி எழுதிய ஜான் குரியன் இந்தச் சங்கத்தில் பணியாற்றியவர் என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய விமர்சனத்தின் கூர்மை நூலகத்தில் மட்டும் கிடைத்ததல்ல.

இதே காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகசேவை அமைப்பு கரையூர்களில் சங்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டவர்களும் அங்கே இருந்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தக் கரையிலேயே தங்கி, தமிழில் பேசி வேலை செய்தார்கள். முட்டத்தில் படகு கட்டும் மையம் உருவாயிற்று. கட்டுமரத்துக்கேற்ற மரம் அரிதாகி விலையேறிக்கொண்டிருந்த காலம் அது. மரத்துக்கு மாற்றாகக் கடலுக்கேற்ற ஒட்டுப்பலகையை வைத்து, அலையடிக்கும் கரையிலேயே ஏறியிறங்கக்கூடிய படகைக் கட்டமுடியுமா என்பது கேள்வி. ஈ. எஃப். ஷூமாக்கர் நிறுவிய பிரிட்டனின் இடைநிலைத் தொழில்நுட்பக் குழு வடிவமைப்பாளர்களைத் தந்தது. முதல் படகுகள் மீனவருக்குப் பிடிக்கவில்லை, சில உடைந்தன, வடிவம் மாற்றப்பட்டது, மறுபடி மாற்றப்பட்டது. ஷூமாக்கரின் புகழ்பெற்ற நூல் ‘சிறியதே அழகு’ என்றது. முட்டத்தில் அந்தப் படகுகளோடு மல்லாடிய பெல்ஜியக்காரர் பியர் ஜிலே தம் அனுபவத்தை எழுதி, அதற்கு ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும் தலைப்பிட்டார். வளர்ச்சித் துறையில் நான் கண்ட தலைப்புகளில் மிக நேர்மையானது அது.

சிறு வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் பதிலாக ஒட்டுப்பலகைப் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் 1980களில் அந்தக் கரையில் பரவின. இந்த முறை அதை வாங்கியவர்கள் மீனவர்களே. காரணம், படகு வருவதற்கு முன்பே ஏலமும் சங்கமும் அங்கே இருந்தன. 1980இல் கேரள, தமிழ்நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை, கரையில் எல்லாரும் சொல்கிறபடி ‘சிஃப்ஸ்’ஸை, திருவனந்தபுரத்தில் தொடங்கின. ஊர்ச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, மேல்மட்டக் கூட்டமைப்பு என மூன்றடுக்கு. தொடக்கத்தில் வெளிநாட்டுத் திருச்சபை உதவி நிறுவனங்களின் பணம் வந்தது. ஆனால் அன்றாடச் செலவு ஏலக் கழிவிலும் படகுத்தள வருமானத்திலும் ஓடியது. கொடையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் ஊர்ச் சங்கத்தின் ஏலம் நிற்காது. பேரம் பேசும்போது அந்தத் தைரியம் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் 2004 டிசம்பர் 26.

தமிழ்நாட்டில் மாண்ட ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். உலகெங்கும் திரண்ட நிதி 1,300 கோடி டாலரைத் தாண்டியது. பின்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து நடத்திய கூட்டு மதிப்பாய்வு ஓர் ஒப்பீட்டைத் தந்தது: ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர், அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டாலர். இவ்வளவு பணம் கையில் இருந்தால் அதைச் செலவழிப்பதே ஒரு நெருக்கடியாகிவிடும். வெளிநாட்டு அரசுகளின் நேரடி நிவாரணத்தை இந்தியா ஏற்கவில்லை; ஆகவே பணம் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும், சற்றுப் பின்னர் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்கள் வழியாகவும் வந்தது. சில வாரங்களுக்குள் நாகையில் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள். தெருவில் பழைய துணி மலைமலையாகக் கிடந்தது. ஒரே ஊருக்கு ஐந்து நிறுவனங்கள். அடுத்த ஊருக்கு யாருமில்லை.

அந்தக் குழப்பத்தில் நாகை மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் நிதானத்துக்கு வந்ததற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த எவருமல்ல. 2005 சனவரியின் முதல் நாட்களிலேயே, மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு, தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தொடங்கியது. அதைத் தொடங்கியவற்றில் இரண்டு அமைப்புகள் முக்கியமானவை. ஒன்று, பேரலைக்கு முன்பே அந்த மாவட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த சிஃப்ஸ். மற்றது, 1980களிலிருந்து மீனவப் பெண்களைச் சங்கமாகத் திரட்டிவந்த நாகையின் ‘ஸ்நேகா’. எந்த ஊரில் எத்தனை கட்டுமரம், எத்தனை ஃபைபர் படகு, எந்தத் தெருவில் யார் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. புதிதாக வந்த நிறுவனம் எங்கே போகவேண்டும் என்று அந்த மையத்தில் கேட்டுக்கொண்டது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பிற கொடையாளர்களும் பின்னர் கைகொடுத்தார்கள்.

ஆனால் ஊருக்குள் இறங்கியதும் எல்லாரும் சந்தித்தது வேறோர் அமைப்பை. சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து சட்டத்தில் இல்லாத அரசாங்கம். எந்த வலையைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று விதிக்கும், சண்டை தீர்க்கும், அபராதம் போடும், கோயில் திருவிழா நடத்தும். டச்சு ஆய்வாளர் மார்ட்டன் பேவிங்க் இந்தக் கரையைப் பற்றி 2001இல் எழுதிய நூலில், அரசுச் சட்டத்தைவிடக் கடலில் இந்தச் சட்டமே செல்லுபடியாவதை விரிவாகக் காட்டியிருக்கிறார். நிவாரணம் வந்தபோது பஞ்சாயத்தார் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். தனித்தனியாகக் கொடுக்காதே, ஊரிடம் கொடு, ஊர் பிரித்துக்கொள்ளும். சண்டையில்லாமல், வேகமாக, சமமாகப் பிரிந்தது. ‘உள்ளூர்ப் பங்காளி’ என்று கொடையாளர் கைப்புத்தகங்கள் கனவு காண்பது இதைத்தான்.

அந்தச் சமத்துக்கு ஓர் அளவுகோல் இருந்தது. ஊருக்கு வரி கட்டுபவரே பங்குக்கு உரியவர். வரி கட்டுவது வளர்ந்த ஆண். ஆகவே கணவனை அலையிடம் கொடுத்த பெண்ணின் வீடு எத்தனை இடங்களில் கணக்குக்கு வெளியே நின்றது என்பதை அன்றைய கள ஆய்வுகள் பேசின. அதே கரையில், அதே அலையில், காயலிலும் வாய்க்காலிலும் இறால் தடவிப் பிடித்த இருளர்களும், மீன்கூலியாகவும் வயற்கூலியாகவும் இருந்த தலித்துகளும் மீனவ ஊரின் வரிப்பட்டியலில் எக்காலத்திலும் இருந்ததில்லை. அவர்கள் படகை இழக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் படகே இல்லை. இழப்பைக் கணக்கிட்டுக் கொடுக்கும் எந்த முறையும் இழக்க ஏதுமில்லாதவரைக் காணாது. ஊர்ப் பஞ்சாயத்தைக் குறைசொல்வது சுலபம். அது தன் உறுப்பினருக்குச் செய்யவேண்டியதைச் செய்தது. உறுப்பினர் அல்லாதவரைக் கேட்க வேண்டியவர்கள் கொடையாளர்களும் அரசும். சில இடங்களில் கேட்டார்கள்: ஸ்நேகா போன்ற அமைப்புகள் பெண்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கப் போராடின; புதிய வீடுகளை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிட்டது. வரிப்பட்டியல் நூற்றாண்டுகளாகத் தராத ஒன்றை அந்த ஒரு வரி தந்தது.

படகுகளின் கதை தெரிந்ததே. மீனவர் என்றால் படகு, படகைப் படமெடுத்துக் கொடையாளருக்கு அனுப்பலாம். நாலு பேருக்கொரு ஃபைபர் படகு என்று கொடுத்தார்கள். கரையோரம் திடீர்ப் படகுத்தளங்கள் முளைத்தன. சில படகுகளின் தரத்தைக் கடலே சோதித்துச் சொன்னது. கூலிக்குப் போன பலர் முதன்முறையாகப் படகில் பங்காளியானார்கள் என்பது பெரிய விஷயம். எல்லாரும் உடைமையாளரானபின் கடலுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. உடைந்ததைச் சரிசெய்வதில்தான் சிஃப்ஸ் முதலில் இறங்கியது. பழுதுபார்த்த கட்டுமரத்தின் படம் யாருடைய ஆண்டறிக்கை அட்டைக்கும் ஏறவில்லை.

வீடுகளில் பிழை இன்னும் ஆழமானது. ஒப்பந்தம் போட்ட நிறுவனத்துக்கு எண்ணிக்கை வேண்டும். ஒப்பந்தக்காரருக்குத் திறந்த வெளி வேண்டும். சுவிட்சர்லாந்திலிருந்து வந்து இந்த மறுகட்டுமானத்தை ஆய்ந்த ஜெனிஃபர் பாரன்ஸ்டைன், அலையில் சேதப்படாத நல்ல வீடுகளும், வீட்டைச் சூழ்ந்த மரங்களும் புதிய காலனிக்காக அழிக்கப்பட்டதைப் பதிவு செய்தார். மீன் உலர்த்தவும், வலை பின்னவும், பெண்கள் கூடிப் பேசவும் இருந்த நிழல் போயிற்று. ஊர்ப் பஞ்சாயத்து சம்மதித்துத்தான் இது நடந்தது. ஊர் சம்மதித்தது என்றால் ஊரில் யார் என்ற கேள்வி இங்கும் வருகிறது.

2007இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு திட்டம் இவ்வளவு பேசப்படவில்லை. வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் தமிழக அரசுக்குக் கடனாகக் கொடுத்த ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிலைத்த வாழ்வாதாரத் திட்டம் அது. அதில் ஒரு பகுதி மீன் விற்பனைச் சங்கங்கள்; அவற்றைக் கட்டிக்கொடுக்கும் வேலை சிஃப்ஸிடம் வந்தது. மரியநாட்டில் வியாபாரியை எதிர்த்துத் தொடங்கிய ஏலம், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஐ.நா.வின் நிதி நிறுவனம் ஒன்றின் திட்ட ஆவணத்தில் ஒரு தலைப்பாக உட்கார்ந்தது. வெளியிலிருந்து வந்த பணம் உள்ளூரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பின்தொடர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊரே திரண்டு ஏலத்தைக் கைப்பற்றுவதற்கும், திட்டப் பணியாளர் வந்து சங்கம் பதிவு செய்வதற்கும் உள்ள தூரம் பெரியது. நாகைக் கரையில் பெரும் வியாபாரி பல ஊர்களில் பஞ்சாயத்தாருக்கும் வேண்டியவர்.

2016இல் இஸ்தான்புல் மனிதநேய மாநாட்டில் பெரிய கொடையாளர்களும் நிறுவனங்களும் ஓர் உறுதி தந்தார்கள்: 2020க்குள் மனிதநேய நிதியில் 25 விழுக்காடு, முடிந்தவரை நேரடியாக, உள்நாட்டு, உள்ளூர் அமைப்புகளுக்குச் செல்லும். ஆண்டுகள் கடந்தன, நேரடியாகச் சென்ற பங்கு ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டவில்லை. இந்தியாவில் சட்டம் எதிர்த்திசையில் நகர்ந்தது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம், பெற்ற பணத்தை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு மாற்றித் தருவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. 2022இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. பணமோசடி நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நடந்ததை நிறுத்த எடுத்த கருவி, நகரத்திலிருக்கும் பதிவுபெற்ற நிறுவனத்துக்கும் கரையிலிருக்கும் பதிவில்லாத சிறு சங்கத்துக்கும் இடையே இருந்த பாலத்தை எடுத்துவிட்டது. 20 விழுக்காட்டு வரம்பு இன்னும் நுட்பமானது. ஒரு ஊரில் உட்கார்ந்து, யார் கடனாளி, யார் பட்டியலில் இல்லை என்று கேட்டறிபவரின் சம்பளம் கணக்கேட்டில் எளிதாக ‘நிர்வாகம்’ ஆகிவிடும். படகு கொடுத்தால் அது ‘பணி’.

பெரும் அலைகளுக்குப் பின் பெரும் பணம் வருவது நிற்கப்போவதில்லை. ஒக்கி புயல் வந்தது, கஜா புயல் வந்தது. 2017 நவம்பரில் ஒக்கி ஆழ்கடலில் பிடித்துக்கொண்ட குமரி மாவட்ட மீனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதைக் கரையூர்களின் திருச்சபைப் பங்குகளும் சங்கங்களுமே வீடுவீடாக முதலில் எண்ணின. அரசின் எண்ணிக்கை பின்னால் வந்தது. அந்தப் பட்டியலைத் தயாரிக்க எந்த வெளிநாட்டு நிதியும் தேவைப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு சங்கப் பேரேட்டில் ஒவ்வொரு படகின் வரவையும் எழுதத் தொடங்கிய கரை அது.